ரொமான்டிக் ஓவியங்கள்ல ஆள் ஏன் இத்தனூண்டு இருக்காங்க?

மைக்கூடு:
கொஞ்ச நாளா 19ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் (காதல் இல்லீங்க, இயற்கையையும் உணர்ச்சியையும் பெருசா காட்டுற பாணி) லேண்ட்ஸ்கேப் பெயிண்டிங்கா பாத்துட்டு இருக்கேன். மலை, கடல், வானம் எல்லாம் பிரம்மாண்டமா இருக்கு, ஆனா மனுசன் மட்டும் இத்தனூண்டு, இல்லாட்டி நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறான். மலை எவ்ளோ பெருசுன்னு காட்டத்தான் ஆளைப் போடுறாங்களா? ஆளை எடுத்துட்டா படத்துக்கு என்ன ஆகும்?

கரித்துண்டு:
அளவு காட்ட ஒரு குடிசை போட்டாலே போதுமே. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைஞ்ச 'கடலோரத் துறவி' (1808-10) பாருங்க, முக்கால்வாசிக்கு மேல வெறும் வானம், கீழ கறுப்பா ஒரு பட்டை கடல், வெளுத்த மணல், அதுல ஒத்தையா ஒரு ஆள், அவ்ளோதான். முதல்ல அந்தக் கடல்ல கப்பலெல்லாம் வரைஞ்சிருக்காரு, அப்புறம் மேல பெயிண்ட் பூசி மறைச்சுட்டாரு, அகச்சிவப்புக் கதிர் வெச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது. கப்பலை எடுத்தவரு ஆளை எடுக்கல பாத்தீங்களா! கப்பல் இருந்தா அது எங்க போகுதுன்னு ஒரு கதை ஆரம்பிச்சிரும், இப்ப கண்ணுக்குப் பிடிமானம்னு அந்தத் துறவி மட்டும்தான் இருக்காரு. மூஞ்சியும் சரியா தெரியாததால அவரு என்ன நினைக்கிறாருன்னு படிக்க முடியாது, நாமளே அங்க போய் நின்னாதான் உண்டு.

ஈரமண்:
ஃப்ரீட்ரிக்கை மட்டும் வெச்சு எல்லாரையும் சொல்லிட முடியாதுங்க. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைஞ்ச 'ஹே வெயின்' (வைக்கோல் வண்டி, 1821) படத்துல யாரும் இயற்கையை ரசிச்சுட்டு நிக்கல, ஸ்டூர் ஆத்துக்குள்ள வண்டி நிக்குது, தூரத்து வயல்ல ஆளுங்க வேலை பாக்குறாங்க, அது அவங்க பொழைக்கிற இடம். அவரோட அப்பாவுக்கே அங்கதான் மில் இருந்துச்சு.

இன்னொரு ஆங்கில ஓவியர் டர்னர் இன்னும் வேற மாதிரி. ரோம் மேல படையெடுத்துப் போன பழங்காலத் தளபதி ஹானிபல் படையோட ஆல்ப்ஸ் மலையைக் கடக்குறதை 1812ல வரைஞ்சாரு, தலைப்புல ஹானிபல் பேரு இருக்கு, படத்துல ஆளைத் தேடணும், தூரத்துல துளியூண்டு ஒரு யானை, மிச்சமெல்லாம் புயலோட கறுப்புச் சுழல். அதே ஆல்ப்ஸ்ல நெப்போலியனை பிரெஞ்சு ஓவியர் ஜாக்-லூயி டேவிட் (ஃப்ரீட்ரிக் இல்ல, இவரு வேற) எப்படி வரைஞ்சாருன்னு பக்கத்துல வெச்சு பாருங்க, குதிரையும் ஆளுமா படத்தையே அடைச்சுட்டு நிப்பாரு, கீழ பாறைல ஹானிபல் பேரு செதுக்கியிருக்கும். டேவிட் ஜெயிச்சவனைப் பாக்குறாரு, டர்னர் அந்தப் புயலைத்தான் பாக்குறாரு. எனக்கு டர்னர் சொல்றதுதான் உண்மைன்னு படுது.

மைக்கூடு:
அப்போ பாறை மேல கோட்டு போட்டு நிக்கிறவரு? அவரு பெருசாத்தானே இருக்காரு?

கரித்துண்டு:
'மூடுபனிக் கடலுக்கு மேல் வழிப்போக்கன்', அதுவும் ஃப்ரீட்ரிக் 1818 வாக்குல வரைஞ்சது. ரெண்டு பக்க மலைச்சரிவும் அவரு நெஞ்சுகிட்ட வந்து சேருது, அந்த நடு இடத்தை அவரே மறைச்சுட்டு நிக்கிறாரு, அதனால அவரு பாக்குறதை நாம முழுசா பாக்கவே முடியாது. அந்தக் காட்சியும் ஒரே இடத்துல பாத்து வரைஞ்சது கிடையாது, எல்பே ஆத்துப் பக்கத்து மணற்கல் மலைகள்ல தனித்தனியா போட்ட ஸ்கெட்ச்சை எல்லாம் ஸ்டூடியோல சேர்த்து வரைஞ்சது.

ஈரமண்:
முதுகு காட்டாத ஆள் வேணும்னா அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் வரைஞ்ச 'ஆக்ஸ்போ' (1836) பாருங்க. கீழ பாறை, புதருக்கு நடுவுல தொப்பியோட ஒரு துளி உருவம் இருக்கும், படத்தை நல்லா பெருசாக்கினாதான் சிக்கும். அது ஓவியரேதான், வரையுறதை விட்டுட்டு திரும்பி நம்மளைப் பாக்குறாரு.