கலைச்சொல் வேண்டும்: கிளட்ச் (விடுபற்றி? கவ்வி?)

மடல் 1

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பானார் எ லவாசோர் என்னும் பிரெஞ்சுக் கார் நிறுவனத்தின் வரலாற்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்திற்கு அனுப்ப வேண்டும். மரவேலை எந்திரங்கள் செய்துவந்த அந்தப் பாரிசு நிறுவனத்திற்கு டைம்லர் எஞ்சினின் உரிமம் லூயிஸ் சராசான் வழியாகக் கிடைத்ததும், கணவரை இழந்திருந்த அவர் 1890இல் நிறுவனப் பங்காளி எமில் லவாசோரை மணந்ததும் தமிழில் தடையின்றி வந்துவிட்டன. இடறல் 1891இல்தான். எஞ்சினை முன்னால் வைத்து, அதையடுத்துக் கிளட்ச் (எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் உறுப்பு), அதையடுத்துப் பற்சக்கரப் பெட்டி, இறுதியில் பின்சக்கரங்கள் என லவாசோர் அமைத்த வரிசையே நூலின் உயிர். கிளட்சுக்கு என்ன எழுதுவது?

மடல் 2

'விடுபற்றி' இருக்க வேறு சொல் எதற்கு? விட்டுப் பற்றுவது; வினைத்தொகை. 'பற்று விடற்கு' என்று 350ஆம் குறள் முடிவதை நினைவுகூர்க. மிதித்தால் பற்று விடுகிறது, காலை எடுத்தால் பற்றுகிறது.

மடல் 3

வள்ளுவர் கூறியது துறவு, ஐயா. இங்கே காலை எடுத்ததும் பற்று திரும்பிவிடுகிறதே! அன்றியும், 'விடுபற்றியைப் பற்றி' என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். 'கவ்வி' போதும். பிரெஞ்சில் இணைப்பதற்கு ஆம்பிரேயே, விடுவிப்பதற்கு தேபிரேயே என ஒரே வேரில் இரு வினைகள் உள்ளன. நமக்கும் கவ்வு, கவ்வுநீக்கு என அமையும்.

மடல் 4

கவ்வி என்றால் பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியை எடுத்து நீட்டுவார்கள். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் ஏறத்தாழ 49 மணி நேரத்தில் முதலில் வந்து சேர்ந்தவர் லவாசோர். ஆயினும் அவருடையது ஈரிருக்கை வண்டி என்பதால் முதற்பரிசு பின்னால் வந்த நான்கிருக்கைப் பெஜோவுக்குப் போயிற்று. 'கிளட்ச்' என்னும் சொல்லுக்கும் அக்கதியே: ஒவ்வொரு பட்டறைக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான், பரிசு மட்டும் நாம் கொடுப்பதில்லை.

மடல் 5

பந்தய விதி விதிதானே? கிரந்தம் இல்லாவிடினும் 'கிளட்ச்' என்பதில் ட்ச் என்று இரு வல்லின ஒற்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ்ச் சொல்லின் இறுதியில் ஒரு வல்லின ஒற்றுக்கே இடமில்லை. 'கிளச்சு' என்றாவது எழுதுக.

மடல் 6

அனைவருக்கும் நன்றி. நால்வர் விடுபற்றியை ஏற்றுத் தனிமடல் எழுதியுள்ளதால் அதையே இட்டு, அது முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கிளட்ச்' என்பதை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். மெய்ப்பு நாளை போகிறது.

மடல் 7

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. சொல்லடைவிலேனும் 'கிளட்ச்' என்பதன் கீழ்ப் பக்க எண்களைத் தாருங்கள். 'வி' வரிசையில் போய் அதை எந்த மாணவரும் தேடப் போவதில்லை.