ரயில் ஜன்னலில் வருகிற ஜெபம் வீட்டில் ஏன் வரவில்லை?

ஜன்னலோரம் (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு வயது 61. வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகிறது. பட்டர்வொர்த் வீட்டை விற்க முடிவாகிவிட்டது. இனி கோலாலம்பூர் செந்தூலில் மகளோடுதான். 17வது மாடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் லாரியில் ஏற்றிவிடலாம் என்றார் மருமகன். எனக்குத்தான் மனம் வரவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடிஎஸ் ரயிலில், கையில் பிடிக்கிற அளவுக்குக் கொண்டுபோகிறேன். போன தடவை இட்லிப் பானை. அதற்கு முன்னால் அவருடைய பைபிளும் மூக்குக்கண்ணாடிக் கூடும்.

அவர் போனதிலிருந்து எனக்கு ஜெபம் வருவதில்லை. முழங்கால் போட்டால் மளிகைக் கணக்கு ஞாபகம் வருகிறது. சபையில் வாய் பாடுகிறது, அவ்வளவுதான். ஆனால் பாகான் செராய் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே ஓடும் பாருங்கள், இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் மலை. அங்கே மட்டும் வருகிறது. பெரிய வார்த்தையெல்லாம் இல்லை. "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும். ஒரு கொக்கு கட்டை மேல் நிற்கும், அத்தனை ரயில் சத்தத்துக்கும் அசையாது. மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருந்தால் அதிகம். அப்புறம் செம்பனை மரங்கள் வந்துவிடும், எனக்கும் உள்ளே மூடிக்கொள்ளும்.

இதை வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பெரியவர், "சிஸ்டர், சிருஷ்டியைப் பிடித்துக்கொண்டு சிருஷ்டிகரை விட்டுவிடாதீர்கள், ரோமர் 1:25 வாசியுங்கள்" என்றார். நான் கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் எடுத்தவள். தோட்டத்தில் எங்கள் பாட்டி வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டுவார். அதனால் அந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் இந்தப் பயணமும் நின்றுவிடும். ஏரி இல்லாமல் நான் என்ன செய்வேன்?

பழைய வாத்தியார் (நிபோங் தெபால்)

அம்மா, அந்தப் பெரியவரை ஐந்து வசனம் மேலே போய் 20ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். காணமுடியாத தேவனுடைய வல்லமை அவர் உண்டாக்கினவற்றிலே தெளிவாகத் தெரிகிறது என்கிறார் பவுல். 25ஐ மட்டும் கிழித்தெடுத்து ஒரு விதவையின் கையில் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். புக்கிட் மேரா இயற்கை ஏரியே இல்லை. கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் விடுவதற்காக ஆற்றை மறித்து 1906இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். நான் பாரிட் புந்தாரில் வளர்ந்தவன். சின்ன வயதில் நான் தின்ற சோறு அந்தத் தண்ணீரில் விளைந்தது.

ஜோசப் மாமா (பினாங்கு)

பெரியவர் சொன்னதில் அக்கறையும் இருக்கலாம். ஏரியைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோலாலம்பூர் போனதும் முதல் ஞாயிறே ஒரு சபையைத் தேடிக்கொள்ளுங்கள். தனியாக இருந்துவிடாதீர்கள்.

மாடிவீட்டுக்காரி (செந்தூல்)

அக்கா, நானும் கம்பாரிலிருந்து இங்கே வந்தவள்தான். முதல் ஆறு மாதம் ஜெபமும் கசந்தது, சோறும் கசந்தது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்தாரே, தேவதூதன் வந்து அவரை ஜெபம்பண்ணவா சொன்னான்? எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். திரும்ப எழுப்பி, பிரயாணம் வெகுதூரம், இன்னும் சாப்பிடு என்றான். அதனால் மளிகைக் கணக்கு வந்தால் வரட்டும்.

இங்கே மாடியில் மழையைப் பார்த்திருக்கிறீர்களா? சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளையாக ஒரு திரை தூரத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு நம் பக்கம் நகரும். நான் துணி எடுக்கப் போய் அப்படியே நின்றுவிடுவேன். துணி நனைந்ததுதான் மிச்சம். அடுத்த தடவை வரும்போது உங்கள் வீட்டுச் செடி ஏதாவது கொண்டுவாருங்கள். ஆபிரகாமும் பெயெர்செபாவில் தோப்பு வைத்துத்தானே அங்கே கர்த்தரைத் தொழுதார்.

ஜன்னலோரம்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அது அணைக்கட்டுத் தண்ணீர் என்று படித்ததும் முகம் தொங்கிப்போனது. அப்புறம் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் 25 வருஷம் வயல் வாய்க்காலில் மதகு திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். அந்த ஏரியைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

தங்கச்சி சொன்னபடி, முந்தாநாள் கருவேப்பிலைக் கன்றை ஒரு பால் டின்னில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் ஒரு சீனப் பாட்டி. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, இது எதற்குப் போடுவது, எப்படி வளர்ப்பது என்று மலாயில் கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கும் வீட்டுக்காரர் இல்லையாம். பேச்சு முடிந்து நிமிர்ந்தால் தைப்பிங் வந்துவிட்டது. ஏரியைப் பார்க்கவே இல்லை.

கன்று இப்போது பால்கனியில் இருக்கிறது. காலை வெயில் மட்டும்தான் அங்கே விழுகிறது. நேற்றிலிருந்து இலை கொட்டுகிறது. மாடியில் வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றலாமா, விட்டு விட்டு ஊற்ற வேண்டுமா?