அத்தானின் வருமான வரி விவகாரம்: வக்கீல் அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் பாளையங்கோட்டை கோர்ட்டில் 18 வருஷமாக வக்கீல். ஊருக்கெல்லாம் வாய்தா வாங்கிக் கொடுப்பவர், தன் வருமான வரிக்கும் வாய்தா உண்டு என்று இருந்துவிட்டார் போல. ஆறு வருஷமாக ரிட்டர்ன் போடவில்லை. ஃபீஸ் முழுக்க ரொக்கம்; வரவுக் கணக்கு தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலில் இருக்கிறது. ஒரு கம்பெனி மட்டும் ஃபீஸில் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரி என்று பிடித்துக் கொடுத்திருக்கிறது, அது 26ஏஎஸ் என்கிற வரித்துறைப் பதிவில் ஏறி, இப்போது நோட்டீஸ் வந்துவிட்டது.

வரியை எப்படியாவது கட்டிவிடலாம். கெடு முடிந்த பிறகும் 4 ஆண்டு வரை ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ என்று ஒன்று போடலாம், தாமதத்துக்கு ஏற்ப கூடுதல் வரி 25லிருந்து 70 சதவீதம் வரை போகும் என்று படித்தேன். அக்காவுக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். கோபத்தில் இருக்கும் பழைய கட்சிக்காரர் ஒருவர் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் பார் கவுன்சிலுக்கு இதை எழுதுவேன் என்கிறார்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் ‘தொழில்சார்ந்த அல்லது பிற ஒழுங்கீனம்’ என்று இருக்கிறது. கண்டிப்பு, இடைநீக்கம், பெயர் நீக்கம் என மூன்று தண்டனை. அந்த ‘பிற’ என்பதில் ரிட்டர்ன் போடாததும் அடங்குமா, அல்லது கோர்ட்டில் தண்டனை ஆனால்தானா? இப்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு வரை போன வழக்கு யாருக்காவது தெரியுமா?

அப்புறம், காலண்டர் தாளைப் பார்த்துச் சிரிக்காத ஆடிட்டர் வண்ணார்பேட்டைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். அத்தானுக்கு ரோஷம் அதிகம். நான் இங்கே கேட்டது அவருக்குத் தெரியாது.