தங்கையின் விவாகரத்து: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தங்கையும் அவள் கணவரும் மனமொத்துப் பிரிய முடிவெடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேலாகத் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள். சீர், நகை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போடப் போகிறோம். தகுந்த காரணம் இருந்தால், மனு போட்ட பிறகான ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, மதுரைப் பக்கம் யாராவது அப்படி வாங்கியிருக்கிறீர்களா? அதற்குத் தனி மனு எப்போது போடணும்? சட்டத்தைவிட அம்மாதான் பெரிய கவலை. “ஊர்ல எப்படித் தலைகாட்டுறது, சின்னவள யாரு பொண்ணு கேட்டு வருவா”ன்னு சாப்பிடாமல் கிடக்கிறார். இதைக் கடந்துவந்த அக்காக்கள், உங்கள் அம்மாவிடம் எப்படிப் பேசினீர்கள்? அனுசரித்துப் போகச் சொல்லி மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்; தங்கையும் இதைப் படிப்பாள்.