பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்று முடிவு செய்தது யார்? ஹாலிவுட்டில் இனம் கடந்த காதல்

கேள்வி: வெண்திரை

ஸ்டான்லி கிரேமர் இயக்கத்தில் 1967 டிசம்பரில் வெளிவந்த ‘கெஸ் ஹூ இஸ் கம்மிங் டு டின்னர்’ படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். கறுப்பின மருத்துவராக நடித்த சிட்னி பாய்ட்டியரும், அவர் மணக்க விரும்பும் வெள்ளைப் பெண்ணாக நடித்த கேத்தரின் ஹௌட்டனும் டாக்சியின் பின்னிருக்கையில் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி இந்த முறை என்னை உறுத்தியது. கேமரா அவர்களை நேராகக் காட்டுவதில்லை. ஓட்டுநரின் முன்னிருக்கும் சிறிய கண்ணாடியில், அவர் கண்ணில் படுவது போலத்தான் அந்த முத்தம் நமக்குத் தெரிகிறது. காதலைப் பற்றியே எடுத்த படத்தில் காதலர்களின் நெருக்கத்தை இவ்வளவு தள்ளி நின்று காட்டுவானேன்?

பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது எந்த அளவுக்கு உண்மை? பார்வையாளர்களின் வெறுப்பு படங்களைக் கட்டுப்படுத்தியதா, அல்லது படத்துறை தன் அச்சத்தையெல்லாம் பார்வையாளர்கள் தலையில் கட்டியதா? அந்தக் காலத்துப் படங்களை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில்: படச்சுருள்

பார்வையாளர்களிடம் வெறுப்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பை ஊட்டி வளர்த்ததில் சினிமாவுக்கே பெரும் பங்கு உண்டு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1915-இல் வெளிவந்த கிரிஃபித்தின் ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில், முகத்தில் கரி பூசிய ஒரு வெள்ளை நடிகர் கறுப்பினத்தவனாக வந்து ஒரு வெள்ளைப் பெண்ணைத் துரத்துகிறார். அவள் பாறையிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். அந்தப் படத்தைக் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்த ஒரு தலைமுறையின் மனத்தில் எப்படிப்பட்ட அச்சம் விதைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து விதிமுறைகள் வந்தன. ஹேஸ் விதிமுறை என்று அழைக்கப்பட்ட, ஹாலிவுட் 1930-இல் தனக்குத் தானே வகுத்துக்கொண்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய தொகுப்பில், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உடலுறவைத் திரையில் காட்டக் கூடாது என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. இது அரசு இயற்றிய சட்டமன்று; ஆங்காங்கே இருந்த தணிக்கைக் குழுக்களும் மத அமைப்புகளும் படங்களுக்குத் தடை போடுவதற்கு முன்பே, தயாரிப்பு நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வேலி. ஏட்டில் ஆசியர்களைப் பற்றி எதுவும் இல்லாவிட்டாலும், நடைமுறையில் அந்த வேலி அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1937-இல் வெளிவந்த ‘த குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியாக நடித்தவர் பால் முனி என்ற வெள்ளை நடிகர். சீன வம்சாவளியினரான ஆன்னா மே வாங் அப்போது புகழ்பெற்ற நடிகையாக இருந்தும், விவசாயியின் மனைவி வேடம் அவருக்குத் தரப்படவில்லை. ஒப்பனையால் சீனப் பெண்ணாக மாற்றப்பட்ட லூயிஸ் ரெய்னருக்கு அது தரப்பட்டது, அதற்காக அவர் ஆஸ்கர் விருதும் பெற்றார். தன் வாழ்நாளின் பெரிய வாய்ப்பு இப்படிக் கை நழுவிப் போனதை அந்த நடிகை எப்படித் தாங்கியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

எலியா கசான் இயக்கிய ‘பிங்கி’ (1949) உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளைக்காரி என்று எவரும் நம்பிவிடக்கூடிய தோற்றமுடைய கறுப்பினப் பெண்ணுக்கும் ஒரு வெள்ளை மருத்துவருக்கும் இடையிலான காதல்தான் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவரோ ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகை. திரையில் அணைத்துக்கொள்ளும் இருவருமே வெள்ளையர் என்பதால் விதிமுறை மீறப்படவில்லை. இருந்தும் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரத் தணிக்கைக் குழு படத்துக்கு அனுமதி மறுத்தது. காதலி கறுப்பினத்தவள் என்று தெரிந்த பிறகும் அந்த வெள்ளை ஆணின் காதல் மாறவில்லை என்பது அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று. அனுமதியின்றித் திரையிட்ட அரங்க உரிமையாளருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1952-இல் அந்தத் தண்டனை ரத்தானது. இங்கே படத்தை மறுத்தவர்கள் பார்வையாளர்களா? ஊருக்கு முன்னால் தாங்களே பார்த்து, ஊருக்காகத் தாங்களே முடிவெடுத்த ஒரு சிலர்தானே? நாடு முழுவதும் அந்தப் படம் நன்றாகவே வசூலித்தது.

பதில்: நள்ளிரவுக்காட்சி

படச்சுருள் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் அவர் பார்வையாளர்களை எளிதில் விடுவித்துவிடுகிறார் என்று தோன்றுகிறது. இனம் கடந்த உறவுக்கான அந்தத் தடை ஹேஸ் விதிமுறையிலிருந்து 1956-இல் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘ஐலண்ட் இன் த சன்’ படத்தில் கறுப்பின நடிகர் ஹாரி பெலஃபாண்டேவுக்கும் வெள்ளை நடிகை ஜோன் ஃபான்டெய்னுக்கும் இடையே காதல் இருக்கிறது, முத்தம் இல்லை; முடிவில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அந்த அளவுக்கே ஃபான்டெய்னுக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றை எழுதியவர்கள் தணிக்கை அதிகாரிகள் அல்லர், சாதாரண மக்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஆதரிக்கிறீர்களா என்று 1958-இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே. அத்தகைய திருமணத்தைக் குற்றமாக்கும் சட்டம் 1967 ஜூன் 12 வரை 16 மாநிலங்களில் நடப்பில் இருந்தது. இனம் கடந்து மணந்துகொண்ட லவிங் தம்பதியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அது செல்லாததாயிற்று.

ஆனால் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1968-இல் கேலப் அதே கேள்வியைக் கேட்டபோதும் ஆதரவு சுமார் 20 விழுக்காடுதான். நீங்கள் குறிப்பிட்ட கிரேமரின் படமோ அப்போது திரையரங்குகளில் பெரும் வெற்றியோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால், தம் வீட்டில் நடந்தால் ஒப்புக்கொள்ளாத ஒன்றைப் பெருந்திரளான மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள் என்றுதானே பொருள்? ஏற்பதும் பார்ப்பதும் வேறு வேறு. படத்துறை இந்த வேறுபாட்டை நெடுங்காலம் உணரவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

உணர்ந்த பிறகும் அதற்கு ஒரு விலை வைத்தார்கள். பாய்ட்டியரின் பாத்திரத்தைக் கூர்ந்து பாருங்கள். உலகப் புகழ்பெற்ற மருத்துவர், அப்பழுக்கற்ற ஒழுக்கசீலர், திருமணத்துக்கு முன் அந்தப் பெண்ணோடு உடலுறவு கொள்ள மறுப்பவர். அவளுடைய பெற்றோர் முழுமனத்தோடு சம்மதிக்காவிட்டால் விலகிவிடுவதாக, அவளுக்கே தெரியாமல் அவர்களிடம் வாக்களித்தும் விடுகிறார். இரண்டு பேருடைய காதல் கடைசியில் ஸ்பென்சர் டிரேசி நடித்த அந்தத் தந்தையின் மனமாற்றத்தைப் பற்றிய கதையாகிவிடுகிறது. அந்தத் தந்தையின் இடத்தில்தான் பார்வையாளரை உட்கார வைக்கிறார்கள். அனுமதி வழங்கும் பெருமையை அவருக்குத் தருகிறார்கள். டாக்சிக் கண்ணாடிக்கும் இதுதான் காரணம் என்று கருதுகிறேன். காதலர்களின் கண்ணால் பார்க்கும்படி எவரும் நம்மைக் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற ஒருவரின் கண்தான் நமக்குக் கொடுக்கப்படுகிறது.

பதில்: மூன்றாம்வரிசை

இதுவரையான உரையாடல் பார்வையாளர்கள் என்றாலே வெள்ளையர் என்று எடுத்துக்கொண்டு போகிறது. மீரா நாயரின் ‘மிசிசிப்பி மசாலா’ (1991) இதில் பேசப்பட வேண்டிய படம். 1972-இல் இடி அமீன் வெளியேற்றியதால் உகாண்டாவை விட்டு வந்து, மிசிசிப்பியில் மோட்டல் தொழிலைச் சார்ந்து வாழும் இந்தியக் குடும்பத்தின் மகளுக்கும், கம்பளம் சுத்தம் செய்யும் தொழில் நடத்தும் கறுப்பின இளைஞனுக்கும் காதல் மலர்கிறது. இங்கே மறுப்பு எழுவது அந்தப் பெண்ணின் சொந்தச் சமூகத்திலிருந்து. தாங்களே நிறத்தின் பெயரால் விரட்டப்பட்டவர்கள், அதே நிறத்தின் பெயரால் இன்னொருவனைத் தள்ளி வைக்கிறார்கள். இந்தியர்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது நெளியத்தான் வேண்டியிருக்கிறது. நெளிய வேண்டும் என்பதும் என் விருப்பம்.

இதில் சரிதா சௌத்ரியும் டென்செல் வாஷிங்டனும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் இரவுக் காட்சி ஒன்று உண்டு. அவரவர் வீட்டில், அவரவர் படுக்கையில் இருந்தபடி பேசுகிறார்கள்; பேசுவதென்னவோ சாதாரணமாகத்தான். ஆனால் அவர்கள் குரல் தாழ்வதையும், உடல் தளர்வதையும், சிரிப்பை அடக்குவதையும் கேமரா பக்கத்திலேயே இருந்து, அவசரமில்லாமல் காட்டுகிறது. டாக்சிக் கண்ணாடியின் தொலைவு இங்கே முற்றிலும் இல்லை.

அதே டென்செல் வாஷிங்டன் இரண்டு ஆண்டுகள் கழித்து வெள்ளை நடிகை ஜூலியா ராபர்ட்ஸுடன் ‘த பெலிகன் பிரீஃப்’ படத்தில் நடித்தபோது, அவர்களுக்கிடையே காதல் காட்சியே கிடையாது. 2000-இல் சீன நடிகர் ஜெட் லீயும் கறுப்பினப் பாடகி ஆலியாவும் நடித்த ‘ரோமியோ மஸ்ட் டை’ படமோ, பெயரிலேயே ரோமியோவை வைத்துக்கொண்டு ஓர் அணைப்போடு முடிகிறது. முத்தக் காட்சி எடுக்கப்பட்டு, வெளியீட்டுக்கு முன் பார்த்த மாதிரிப் பார்வையாளர்களுக்குப் பிடிக்காததால் நீக்கப்பட்டது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இத்தனைக்கும் கறுப்பினப் பாடகி விட்னி ஹூஸ்டனும் வெள்ளை நடிகர் கெவின் காஸ்ட்னரும் காதலர்களாக நடித்த ‘த பாடிகார்ட்’, இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், 1992-லேயே வெளிவந்து உலகம் முழுவதும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்திருந்தது. இவ்வளவு பெரிய சான்று கண்ணெதிரே இருந்தும் அச்சம் தொடர்ந்தது என்றால், அது பார்வையாளர்களைப் பற்றிய அறிவிலிருந்து வந்த அச்சமாக எனக்குத் தெரியவில்லை.

வெண்திரை

மூவருக்கும் நன்றி. ஏற்பதும் பார்ப்பதும் வேறு என்ற கருத்து என் கேள்வியையே மாற்றிவிட்டது. இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: அந்தக் காலத்திலேயே, எவருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் காதலர்களைச் சேர்த்துவைத்த ஹாலிவுட் படம் ஏதேனும் உண்டா?

பதில்: படச்சுருள்

உண்டு. சாமுவேல் ஃபுல்லர் 1959-இல் இயக்கிய ‘த கிரிம்சன் கிமோனோ’ படத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையில் நெருங்கிய நண்பர்களாக இருக்கும் ஒரு ஜப்பானிய அமெரிக்கரும் ஒரு வெள்ளையரும் ஒரே வெள்ளைப் பெண்ணை விரும்புகிறார்கள். அவள் ஜேம்ஸ் ஷிகெட்டா நடித்த ஜப்பானிய அமெரிக்கரைத் தேர்ந்தெடுக்கிறாள். தந்தையின் சம்மதம் பற்றிய பேச்சே எழவில்லை. கதையின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நண்பனின் முகத்தில் தெரிந்த பொறாமையை இன வெறுப்பு என்று எண்ணிவிடுகிறார் ஷிகெட்டாவின் பாத்திரம். வாழ்நாளெல்லாம் இன வெறுப்பைக் கண்டு வந்த ஒருவர் அப்படி எண்ணுவது எவ்வளவு இயல்பானது என்பதையும் ஃபுல்லர் பரிவோடு காட்டுகிறார். கடைசியில் ஜப்பானிய அமெரிக்கர் பகுதியான லிட்டில் டோக்கியோவின் திருவிழாத் தெருவில், கூட்டத்தின் நடுவே இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் படத்தின் விளம்பரச் சுவரொட்டியைத் தேடிப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும். அழகிய அமெரிக்கப் பெண் ஒருத்தி ஜப்பானியப் பையனின் கைகளில் இருப்பது உண்மைதான் என்று அதிர்ச்சிச் செய்தி போலக் கூவுகிறது அது. அந்தப் பாத்திரமும் அமெரிக்கர்தான் என்பதைச் சுவரொட்டி எழுதியவர்கள் பொருட்படுத்தவில்லை. சுவரொட்டியை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பாருங்கள். பார்த்த பிறகு அந்தத் தெருக் காட்சியைப் பற்றி இங்கே பேசலாம்.