மறுமொழி: 'சப்ஜெக்ட் ஹெடிங்' என்பதற்கு 'வகுசொல்' – முன்மொழிவு

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி பெறுவோருக்கும், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி இலக்கியம் பயில்வோருக்கும் பயன்படும் வகையில், நூலகத் தரவுத்தளங்களில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் முறையைத் தமிழில் எழுதி வருகிறேன். அதற்கான கலைச்சொற்களைக் கேட்டிருந்தேன். முந்தைய மடலில் ஐயா அவர்கள், கட்டுரைகளின் பொருளைக் காட்டித் தேட உதவும் 'கீவேர்ட்', 'சப்ஜெக்ட் ஹெடிங்', 'டிஸ்கிரிப்டர்' ஆகிய மூன்றையும் 'குறிச்சொல்' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். எளிமை கருதி அவர் கூறியது புரிகிறது. ஆயினும் இதில் நான் மாறுபடுகிறேன். இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெரியாத மாணவர்தான், தம் தலைப்பில் கட்டுரையே இல்லை என்று முடிவுகட்டி எழுந்துவிடுகிறார்.

ஒரு சொல்லை யார் தருகிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தலை ஆராயும் ஒருவர், எரிக் என்னும் கல்வியியல் தரவுத்தளத்தில் 'மதர் டங்' என்று இட்டுத் தேடுவதாகக் கொள்வோம். நம் கல்விக் கொள்கையில் அது, ஆங்கிலவழிப் பள்ளிகளில் மாணவர் தத்தம் இனத்திற்குரிய மொழியாகப் பயிலும் தமிழ், சீனம், மலாய் ஆகியவற்றைக் குறிக்கிறது. இதே நிலையைப் பற்றி எழுதும் வேறு நாட்டு ஆய்வாளரோ 'ஹெரிடேஜ் லேங்குவேஜ்' என்றோ 'ஹோம் லேங்குவேஜ்' என்றோ எழுதியிருப்பார். எரிக் தனக்கென வைத்திருக்கும் சொற்பட்டியலில் 'நேட்டிவ் லேங்குவேஜ்' என்பது இடம்பெற்றிருக்கிறது. ஆசிரியர் எந்தச் சொல்லை ஆண்டிருந்தாலும், தரவுத்தளத்துக்காகக் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் அட்டவணையாளர் கட்டுரையின் பொருளை அறிந்து, பட்டியலில் உள்ள சொல்லையே அதன் பதிவில் சேர்க்கிறார். மருத்துவத்திலும் இதுவே வழக்கம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் வெளியிட்டுவரும் 'மெஷ்' பட்டியலில், மாரடைப்பைப் பற்றிய கட்டுரைகள் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்பதன்கீழ் ஒன்றுசேர்கின்றன.

ஆகவே தேடுபவர் தம் மனத்திலிருந்து இடுவது 'தேடுசொல்' என்றும், கட்டுரையாசிரியர் தம் கட்டுரைக்குத் தாமே கொடுப்பது ஏற்கெனவே வழக்கில் உள்ள 'திறவுச்சொல்' என்றும் இருக்கட்டும். மூன்றாவதாக, பட்டியலிலிருந்து எடுத்து அட்டவணையாளர் வழங்குவதை, அது 'சப்ஜெக்ட் ஹெடிங்' எனப்பட்டாலும் 'டிஸ்கிரிப்டர்' எனப்பட்டாலும், 'வகுசொல்' எனலாம் என்பது என் முன்மொழிவு. தேடுசொல்லைப் போலவே இதுவும் வினைத்தொகை. வகுத்த சொல், வகுக்கின்ற சொல், வகுக்கும் சொல் என முக்காலத்துக்கும் இது பொருந்துகிறது.

நூலகவியலில் 'பொருள்தலைப்பு' என்னும் சொல் இருக்கும்போது புதிது எதற்கு என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அட்டைப் பட்டியல் காலத்தில் அச்சொல் அட்டையின் தலையில் எழுதப்பட்டதால் 'ஹெடிங்' எனப்பட்டது. இன்றைய தேடல் திரையிலோ கட்டுரையின் தலைப்புக்கு ஒரு புலமும் (சொல்லை இடும் கட்டமும்) பொருளுக்கு வேறொரு புலமும் தனித்தனியே உள்ளன. 'பொருள்தலைப்பு' என்று வழிகாட்டியில் எழுதினால் மாணவர் தலைப்புப் புலத்துக்கே போய்விடுவார் என்று அஞ்சுகிறேன். 'கட்டுப்படுத்தப்பட்ட சொற்களஞ்சியம்' என்னும் மற்றொரு பரிந்துரை மிக நீளமானது. அதோடு, ஏதோ தடைவிதிக்கப்பட்ட சொற்கள் என்றும் எண்ணத் தூண்டுகிறது.

'வகு' என்றதும் கணக்கில் வரும் வகுத்தல் நினைவுக்கு வரும் என்ற ஐயமும் எழலாம். இங்கே மாணவர் கணக்கை ஆங்கிலத்தில் பயில்வதால் அம்மயக்கம் குறைவு. தமிழகத்து, ஈழத்து அன்பர்கள் இது குறித்துத் தம் கருத்தைக் கூற வேண்டும்.

தமிழியல் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. திருக்குறளை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, 'டி' என்னும் எழுத்தை அடுத்து 'எச்' சேர்ப்போரும் உண்டு, சேர்க்காதோரும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றும் பட்டியல்களில் அந்த 'எச்' வராது. நமக்குப் பழகிய எழுத்துக்கூட்டலை மட்டும் இட்டால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாமலே போகக்கூடும்; வகுசொல்லை இட்டால் இருவகையும் ஒருசேரக் கிடைக்கும்.

வகுசொல்லை மட்டும் நம்புவதும் தவறு. அண்மையில் வெளிவந்த கட்டுரைகளுக்கு அது இன்னும் வழங்கப்படாமல் இருக்கலாம். பட்டியல்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சமையலுக்கு நெடுங்காலம் 'குக்கரி' என்று வைத்திருந்த காங்கிரஸ் நூலகம், 2010-இல்தான் அதைக் 'குக்கிங்' என்று மாற்றியது.

ஒரு கலைச்சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் அதை ஏற்கக் கூடாது என்பதால், வழிகாட்டியின் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்: "ஒரே பொருள் தரும் தேடுசொற்களை 'ஆர்' ('அல்லது') என்னும் இணைப்பால் கோத்து முதலில் தேடுங்கள். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் பதிவைத் திறந்து, அதற்கு வழங்கப்பட்டுள்ள வகுசொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவற்றைப் பொருள் புலத்தில் இட்டு மீண்டும் தேடுங்கள்." இவ்விடத்தில் 'குறிச்சொல்' என்பதையே இரண்டு இடங்களிலும் எழுதிப் பார்த்தால், எதை எங்கே இடுவது என்று படிப்பவருக்கு விளங்காது. எரிக், மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் ஆகிய இரண்டு தரவுத்தளங்களையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால், விரும்புவோர் இம்முறையை உடனே சோதித்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று முடிவாக வேண்டியிருக்கிறது. வகுசொற்கள் அடங்கிய முழுப் பட்டியலை 'வகுசொற்றொகை' என்பதா, 'வகுசொல் பட்டியல்' என்பதா? முதலாவது செறிவானது. ஆனால் புதிதாகப் படிக்கும் மாணவருக்குப் புணர்ச்சியைப் பிரித்தறிவது கடினமாகலாம் என்பதால், நான் இரண்டாவதையே விரும்புகிறேன். மாற்றுக் கருத்துடையோர் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து