மட்டி ஓட்டில் வட்ட ஓட்டை, கீலில் சீப்புப் பல்: என்ன இது?

கரைமணல்:
ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில், இறுகிப் பாறையான கடற்கரை மணலுக்கு அருகே உதிரியாகக் கிடந்த ஒற்றை ஓடு. நீளம் 48 மி.மீ., தடித்த வரிகள், நிறம் கறுப்பு. இரண்டு ஓடுகளும் சேரும் கீல் நெடுக வரிசையாகச் சின்னப் பற்கள். புடைத்த முனைக்குக் கீழே 2.5 மி.மீ. வட்ட ஓட்டை ஒன்று. முதுகில் ஊசி குத்தினாற்போல நிறையப் புள்ளிக்குழிகள். உள்பக்கம் வெள்ளையாக நெளிந்த குழாய்கள் ஒட்டியிருக்கின்றன. வினிகர் விட்டேன், நுரைத்தது. அப்படியானால் இது ஃபாசில் (புதைபடிவம்) தானே?

வரிமட்டி:
பல்வரிசையில் அதிசயம் எதுவும் இல்லை. அனடாரா வகை மட்டிகளுக்கு அது பிறவி அடையாளம். கீலுக்கு மேலே தட்டையான இடத்தில் கூரை வடிவக் கோடுகள் தெரிந்தால் வகை உறுதி. இரண்டு ஓடுகளையும் இணைக்கும் தசைநார் இருந்த இடம் அது.

ஓட்டையை லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். வெளியே அகன்று, கிண்ணம் போலச் சரிந்து, உள்ளே குறுகினால் மணலுக்குள் இரை தேடும் நாட்டிகா நத்தையின் வேலை. அமிலச் சுரப்பால் மட்டியின் ஓட்டுச் சுவரை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைக்கும். சுவர் நேராக இறங்கினால் பெரும்பாலும் முள்சங்கு இனம். ஏமாற்றுவது மூன்றாவது வகை: அலையில் உருண்டு, புடைத்த முனையே தேய்ந்து விழும் ஓட்டை. அதன் விளிம்பு ஒழுங்காக இருக்காது, சுற்றிலும் வரிகள் மழுங்கியிருக்கும். அனடாராவில் இது சர்வசாதாரணம்.

பவளத்திட்டு:
புள்ளிக்குழிகளில் ஒரு குண்டூசியை விட்டுப் பாருங்கள். உள்ளே அறை அறையாக விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்தால் கிளையோனா என்ற கடற்பஞ்சு குடைந்தது. இரண்டிரண்டு துளையாக, 8 என்ற எண் போல ஒட்டியிருந்தால் பாலிடோரா புழு; அதன் வளை உள்ளே U போல வளைந்து திரும்பும்.

எனக்குப் பிடித்த தடயம் அந்த வெள்ளைக் குழாய்கள்தான். செர்புலிட் புழுக்களின் சுண்ணக் கூடு அது. உயிருள்ள மட்டியின் உள்பக்கத்தில் அது ஒட்ட முடியாது. ஆக, மட்டி செத்து ஓடு திறந்தபின் கடலடியில் புதையாமல் கொஞ்ச காலம் கிடந்திருக்கிறது.

வினிகர் சோதனையால் பயனில்லை. நேற்றுச் செத்த மட்டியும் கால்சியம் கார்பனேட்டுதான், அதுவும் நுரைக்கும். கறுப்பும் வயதைச் சொல்லாது: காற்றில்லாத சேற்றில் புதைந்தால் இரும்பு சல்பைடு ஏறிக் கறுக்கும், அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவையில்லை.

கரைமணல்:
பிறகு எதை நம்புவது?

வரிமட்டி:
கிடைத்த இடத்தை. பாறைக்குள் பதிந்திருந்தால், அந்தப் பாறை இறுகுவதற்கு முந்தையது என்றாவது சொல்லலாம். உங்களுடையது உதிரி, ஓட்டுக்குள் அதே இறுகிய மணல் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 'வயது தெரியாது' என்றே சீட்டில் எழுதுங்கள்.

இனி வினிகர் வேண்டாம், வரிகளின் கூர்மை போய்விடும். நல்ல தண்ணீரில் மூன்று நாள், தினமும் மாற்றி ஊறவையுங்கள். உப்பு தங்கினால் காயும்போது படிகமாகி மேல்தோல் உதிரும். பிறகு மெல்லிய பல்துலக்கி, நிழலில் காயவைத்தல். குழாய்களைச் சுரண்டிவிடாதீர்கள்.

பவளத்திட்டு:
ஒரு விஷயம்: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதையும் பொறுக்கக் கூடாது. பவளத்துண்டை எங்கிருந்தும் எடுக்காதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் வரும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தாலே போதும்.